கரெய்காவா ஸ்டேஷனின் சரித்திரம்

ஜப்பான் தேசத்தின் நான்கு பெருந்தீவுகளுள் தெற்கே உள்ளது கியூஷு. அதன் தென்பகுதியில், சகுராஜிமா என்னும் எரிமலையை எதிரே வைத்துக்கொண்டு வளைகுடாவின் கரையில் அமைந்திருக்கும் ககோஷிமா நகரத்தில் புகைவண்டி ஏறி, கரையை ஒட்டியே சென்று, ஹயாத்தோ என்ற சந்திப்பில் வண்டி மாறி, வடக்கே மலைகளுக்குள் புகும் ஒற்றைப் பாதையில் ஏறத்தாழ 12 கிலோமீட்டர் போனால், கரெய்காவா என்னும் சிற்றூரின் ஸ்டேஷன் வருகிறது. மரத்தால் கட்டி ஓடு வேய்ந்த கட்டிடம் அது. நூறு வருஷங்களுக்கும் மேலாக மழையையும் வெயிலையும் வாங்கிக் கறுத்த பலகைச் சுவர்கள். பிளாட்பாரத்தின் பக்கம் நீண்டு தாழ்ந்த இறவாரம். அதைத் தாங்கி நிற்கும் மரத்தூண்கள். உள்ளே பிரயாணிகள் காத்திருப்பதற்கு ஒரு கூடம், ஒரு பெஞ்சு, டிக்கெட் கொடுக்கும் ஜன்னல். அந்த ஜன்னலுக்குப் பின்னால் யாரும் இல்லை. ஸ்டேஷன் மாஸ்டரோ, டிக்கெட் குமாஸ்தாவோ, பாயிண்ட் மாற்றும் சிப்பந்தியோ இங்கே உத்தியோகம் பார்த்த காலம் போய் ஏறத்தாழ நாற்பது வருஷங்களாகின்றன.

இந்தக் கட்டிடம் 1903-ஆம் ஆண்டு ஜனவரி 15-ஆம் தேதி திறக்கப்பட்டது. நிலநடுக்கமும் புயலும் தீயும் யுத்தமும் ஓயாது அழித்ததும், அழிந்ததை மக்கள் ஓயாது புதுப்பித்ததுமாகிய ஒரு தேசத்தில், அதிலும் ஐம்பது வருஷங்களுக்குள் மின்சார ரயிலும் அதிவேக ரயிலும் கண்டு பழையதையெல்லாம் கான்கிரீட்டாக மாற்றிவிட்ட ஓர் இருப்புப்பாதை இலாகாவின் ஆளுகையில், ஒரு மலைக்கிராமத்து மரக் கட்டிடம் மட்டும் எவ்வாறு தப்பிப் பிழைத்தது என்ற கேள்வி எழுவது இயல்பே. பழமையில் பற்றுக்கொண்ட அதிகாரிகள் எவரும் அதைக் காப்பாற்றவில்லை. அதை முதலில் காப்பாற்றியது அந்தப் பாதைக்கு நேர்ந்த வீழ்ச்சி. பின்னாளில் காப்பாற்றியவர்கள் அவ்வூர் ஜனங்கள். இரண்டையும் சொல்வதானால் கரெய்காவாவிலிருந்து சற்று விலகி, அந்தப் பாதை ஏன் மலைமேல் ஏறியது என்பதிலிருந்தே தொடங்க வேண்டும்.

கியூஷுவின் வடகோடியில், பிரதான தீவிலிருந்து ஜலசந்தியைக் கடந்து வருவோர் இறங்கும் மோஜி துறைமுகத்திலிருந்து தெற்கு நோக்கி இருப்புப்பாதை போடும் வேலையை முதலில் ஏற்றது கியூஷு ரயில்வே என்ற தனியார் கம்பெனி. அது 1896-இல் யாட்சுஷிரோ வரையில் வந்து நின்றது. அதற்குத் தெற்கே ககோஷிமா வரையில் எந்த வழியாகப் பாதை போவது என்பதில் இரண்டு அபிப்பிராயங்கள் இருந்தன. மேற்குக் கடற்கரையோரமாகப் போனால் மலை குறைவு, செலவும் குறைவு. குமா ஆற்றின் பள்ளத்தாக்கில் ஏறி, ஹிதோயோஷி என்னும் பழைய கோட்டை நகரத்தை அடைந்து, அங்கிருந்து மலைத்தொடரைத் தாண்டித் தெற்கே இறங்கினால் தூரமும் கஷ்டமும் அதிகம். ஆயினும் ராணுவத்தார் உள்நாட்டு வழியையே வற்புறுத்தினார்கள். கடலோரத்தில் போகும் பாதை, யுத்த காலத்தில் பகைவருடைய கப்பற்படையின் பீரங்கிகளுக்கு இலக்காகும் என்பது அவர்கள் கொண்ட அச்சம். அந்த அச்சம் வீண் கற்பனையன்று. 1863-இல் பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் வளைகுடாவுக்குள் நுழைந்து ககோஷிமாவின் மீது குண்டு பொழிந்து, நகரத்தின் ஒரு பகுதியைச் சாம்பலாக்கியதைக் கண்ணால் கண்டவர்கள் அப்போதும் உயிரோடிருந்தார்கள். அந்தப் பிரதேசத்துப் போர்வீரர் குடும்பங்களில் பிறந்தவர்கள் பலர் புதிய அரசாங்கத்தின் படைகளில் உயர்ந்த பதவிகளை வகித்தார்கள். மலைவழியே நிச்சயமாயிற்று.

வேலை வடக்கிலிருந்து மட்டும் வரவில்லை. தெற்கேயும் தனியாகத் தொடங்கியது. ககோஷிமாவிலிருந்து, அப்போது கொக்குபு என்று பெயர் வழங்கிய இன்றைய ஹயாத்தோ வரையில் 1901 ஜூன் மாதத்தில் வண்டி ஓடிற்று. அங்கிருந்து மலையேறி யோகோகாவா வரையில் சென்ற பகுதி 1903 ஜனவரியில் திறக்கப்பட்டபோது பிறந்ததுதான் கரெய்காவா ஸ்டேஷன். அதே நாளில் திறக்கப்பெற்ற யோகோகாவா ஸ்டேஷனின் கட்டிடமும், இப்போது ஓசுமி-யோகோகாவா என்ற பெயரோடு, இன்றும் நிற்கிறது. இரண்டும் ஒரே சாயலில் அமைந்த உடன்பிறப்புகள். அந்த ஆண்டு செப்டம்பரில் பாதை யோஷிமட்சுவை எட்டியது. அதற்கு அப்பால் நின்றது மலை.

அந்த மலையைக் கடந்த கதை சிறிது விரிவாகச் சொல்லத் தக்கது. ஏனெனில் கரெய்காவாவின் ஏற்றமும் தாழ்வும் அந்த மலையினால் விளைந்தவையே. 1904-இல் ருஷியாவோடு மூண்ட யுத்தத்தால் வேலை தடைப்பட்டுப் பின்னர் மும்முரமாயிற்று. யாட்சுஷிரோவிலிருந்து குமா ஆற்றை இருமுறை கடந்து ஹிதோயோஷிக்கு வரும் பாதை 1908 ஜூன் முதல் தேதியன்று திறக்கப்பட்டது. அந்த இரண்டு பெரிய பாலங்களின் இரும்புச் சட்டங்களும் அமெரிக்காவில் செய்யப்பட்டுக் கப்பலேறி வந்தவை. எஞ்சியது ஹிதோயோஷிக்கும் யோஷிமட்சுவுக்கும் இடைப்பட்ட மலை. ஹிதோயோஷியிலிருந்து பாதையின் உச்சியாகிய யத்தாகே வரையில் சுமார் 20 கிலோமீட்டருக்குள் நானூறு மீட்டருக்கும் மேல் ஏற வேண்டும். யத்தாகே ஸ்டேஷனின் உயரம் கடல்மட்டத்துக்கு மேல் 537 மீட்டர். நீராவி எஞ்சின் இவ்வளவு உயரத்தை நேராக ஏறாது. ஆகவே எஞ்சினீயர்கள் ஓக்கோபா என்னும் இடத்தில் பாதையை மலையைச் சுற்றி ஒரு முழு வட்டமாக வளைத்து, அது தன்னையே மேலிருந்து கடந்து செல்லும்படி அமைத்தார்கள். அந்த வட்டத்தின் நடுவிலேயே ஸ்டேஷனையும் வைத்து, வண்டி முன்னே வந்து நின்று, பின்னோக்கி ஏறி, மறுபடி திசைமாறி முன்னே செல்லுமாறு ஒரு திருப்பத்தையும் அமைத்தார்கள். வட்டமும் திருப்பமும் இவ்வாறு ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்த இடம் ஜப்பானில் இது ஒன்றே.

ஓக்கோபாவில் ஊர் என்று சொல்லத்தக்கதாக ஒன்றும் இல்லை. ஸ்டேஷன் அங்கே பிறந்தது எஞ்சினுக்குத் தண்ணீர் வேண்டியிருந்ததால். கல்லால் கட்டிய தண்ணீர்த் தொட்டி மேடை இன்றும் இருக்கிறது. அதைக் காட்டிலும் மனத்தைக் கவர்வது பிளாட்பாரத்தில் இருக்கும் தாமரை வடிவான கல் தடாகம். சுரங்கங்களில் புகையைக் குடித்துக் கரிபடிந்த முகத்தோடு இறங்கிய பிரயாணிகள், எஞ்சின் நீர் பிடித்து முடிக்கும் வரையில் அதைச் சூழ்ந்து நின்று முகம் கழுவுவார்கள். குழந்தையின் கன்னத்தைத் தாய் ஈரக் கைத்துணியால் துடைப்பதும், வண்டியின் ஊதல் கேட்டு எல்லோரும் பெட்டிக்கு ஓடுவதும் அந்தக் கல்லின் விளிம்பைப் பார்த்தாலே மனக்கண்ணில் தோன்றும். அதே இடத்தில், பாதை போடும் வேலையில் விபத்தாலும் நோயாலும் இறந்தவர்களுக்கு ஒரு நினைவுக்கல்லும் நாட்டப்பட்டிருக்கிறது. ரயில் எட்டாத மலைக்கு ரயில் போடுவதற்கான சாமான்களை மனிதரும் மாடு குதிரைகளுமே சுமக்க வேண்டியிருந்த காலம் அது.

யத்தாகேக்குத் தெற்கே தோண்டிய சுரங்கத்தின் நீளம் 2,096 மீட்டர். அதன் இரண்டு வாயில்களின் மேலும் நான்கு நான்கு எழுத்துக்கள் பொறித்த கற்பலகைகள் பதிக்கப்பட்டுள்ளன. வடவாயிலில் உள்ளது, போக்குவரத்து மந்திரியாக இருந்த யாமகாட்டா இசாபுரோ எழுதியது; இயற்கையின் செங்குத்தான அரண் சமவெளியாயிற்று என்பது அதன் கருத்து. தென்வாயிலில் உள்ளது, ரயில்வே இலாகாவின் முதல் தலைவராகிய கோட்டோ ஷிம்பெய் எழுதியது. பாரமானதை இழுத்துத் தொலைவைச் சேர்வோம் என்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஒரே வாக்கியமாகிறது. 1909 நவம்பர் 21-ஆம் தேதி அந்தச் சுரங்கத்தின் வழியாக வண்டி ஓடிய அன்று, கியூஷுவின் வடகோடியும் தென்பகுதியும் இணைந்தன. கடல் கடக்கும் இடத்தில் மட்டும் படகேறி, ஜப்பானின் பிரதான தீவின் வடபகுதியிலுள்ள ஆவோமோரியிலிருந்து ககோஷிமா வரையில் இருப்புப்பாதையிலேயே வந்துவிடலாம் என்றாயிற்று.

அந்தப் பெரும்பாதையின் மேல் இருந்தது நம்முடைய கரெய்காவா. தலைநகரத்திலிருந்து வரும் உத்தியோகஸ்தர்களும், படையில் சேரப் போகும் இளைஞர்களும், வடக்கே சுரங்கங்களிலும் ஆலைகளிலும் கூலிவேலை தேடிப் போகிற குடியானவர்களும் அந்தச் சிறு பிளாட்பாரத்தைக் கடந்தே போனார்கள். மலைப்பிரதேசத்தின் மரமும் அடுப்புக்கரியும் விளைபொருளும் ரயிலேறின. அருகிலுள்ள மியோக்கென் வெந்நீரூற்றுகளுக்கு நோய் தீர்க்கும் பொருட்டு வந்தவர்களும் இங்கே இறங்கினார்கள். பதினெட்டு வருஷங்கள் இந்தச் சீர் நீடித்தது.

ஆனால் மலையைக் கடக்க இயன்றதே தவிர, மலையை மறக்க இயலவில்லை. ஏறக்குறைய 33 அடிக்கு ஓரடி ஏற்றமுள்ள பாதையில் ஓர் எஞ்சின் இழுக்கக்கூடிய பெட்டிகள் மிகச் சில. முன்னும் பின்னும் எஞ்சின் பூட்டி ஏறினாலும் வேகம் மிகக் குறைவு. சரக்கு பெருகப் பெருக இந்தப் பாதை கியூஷு முழுவதற்கும் குரல்வளையில் சிக்கிய முள் ஆயிற்று. ராணுவத்தார் ஒருகாலத்தில் அஞ்சி விலக்கிய கடற்கரை வழியிலேயே வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் சிறிது சிறிதாகப் பாதை போட்டு, 1927 அக்டோபர் 17-ஆம் தேதி இரண்டு முனைகளையும் சேர்த்தார்கள். அன்று முதல் ககோஷிமா பிரதான பாதை என்ற பெயர் கடற்கரைப் பாதைக்குப் போயிற்று. மலைப்பாதைக்கு ஹிசாட்சு பாதை என்று புதுப்பெயர் இட்டார்கள். நெடுந்தூர விரைவு வண்டிகள் ஒரே நாளில் வேறு வழி போயின. 1932-இல் கிழக்குக் கரையைச் சுற்றி வரும் நிப்போ பாதையும் நிறைவெய்தி, ஹயாத்தோவிலிருந்து ககோஷிமா வரையிலான துண்டைத் தன்னுடையதாக்கிக்கொண்டபோது, ஹிசாட்சு பாதை யாட்சுஷிரோவுக்கும் ஹயாத்தோவுக்கும் இடையே 124 கிலோமீட்டர் நீளமுள்ள கிளைப்பாதையாய் ஒடுங்கிற்று.

கரெய்காவாவின் கட்டிடம் பிழைத்தது இங்கேதான். பிரதான பாதையின் ஸ்டேஷன்கள் யாவும் ஜனப்பெருக்கத்துக்கு ஏற்ப இடிக்கப்பட்டும் விரிக்கப்பட்டும் புதுப்பிக்கப்பட்டும் வந்தன. ஒதுக்கப்பட்ட பாதையின் ஸ்டேஷனைப் புதுப்பிக்கப் பணம் கேட்பவரும் இல்லை, கொடுப்பவரும் இல்லை. ஓடு உடைந்தால் ஓடு மாற்றினார்கள், பலகை இற்றால் பலகை மாற்றினார்கள், அதற்கு மேல் எவரும் கைவைக்கவில்லை. பெரிய மனிதர்களின் பார்வையிலிருந்து மறைந்ததனாலேயே அது 1903-இன் உருவத்தோடு இருந்துவிட்டது. சரித்திரச் சின்னங்கள் பலவற்றின் வரலாறும் இவ்வாறே இருக்கிறது என்பதை நினைக்கும்போது, பாதுகாப்பு என்ற பெயரில் நாம் பாராட்டுவதில் எவ்வளவு பங்கு மறதிக்கு உரியது என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

எனினும் ஒதுங்கிய பாதையில் வேலை ஒதுங்கிவிடவில்லை. ஒற்றைப் பாதையில் எதிரெதிரே வரும் வண்டிகள் மோதாமல் ஓட வேண்டுமானால், ஒவ்வொரு ஸ்டேஷனிலும் பொறுப்புள்ள மனிதர் இருந்தாக வேண்டும். ஜப்பானில் அதற்குக் கையாண்ட முறை, பிரிட்டிஷ் ரயில்வேக்களிலிருந்து பெற்ற டேப்ளட் முறை. இரண்டு ஸ்டேஷன்களிலும் ஒரு ஜோடி இயந்திரங்கள் தந்திக் கம்பியால் இணைந்திருக்கும்; ஒன்றில் வட்டமான உலோகத் தகடு வெளியே எடுக்கப்பட்டுவிட்டால், அது திரும்பவும் ஏதாவதொரு முனையில் உள்ளே வைக்கப்படும் வரையில் இரண்டு இயந்திரங்களும் வேறு தகடு தரமாட்டா. தகடு கையில் இல்லாத டிரைவர் அந்தத் துண்டுப் பாதைக்குள் நுழையக் கூடாது. தகட்டைத் தோல்பையில் இட்டு, பெரிய வளையத்தில் மாட்டி, ஸ்டேஷன் மாஸ்டர் பிளாட்பாரத்தில் நிற்பார். நிற்காமல் போகும் வண்டியாயின், வந்த துண்டின் வளையத்தை எஞ்சினிலிருப்பவர் கம்பத்தில் மாட்டிவிட்டு, போக வேண்டிய துண்டின் வளையத்தை மறு கம்பத்திலிருந்து கையை நீட்டிப் பற்றிக்கொள்வார். மழைக்கால இருட்டில், புகைக்கும் விளக்கொளிக்கும் நடுவில், இது நாள்தோறும் நடந்தது. இதனோடு டிக்கெட் கொடுத்தல், பார்சல் நிறுத்தல், தந்தி வாங்குதல், பாயிண்ட் மாற்றுதல், விளக்கு ஏற்றுதல், பிளாட்பாரம் பெருக்குதல் ஆகிய எல்லாமும் அந்தச் சில சிப்பந்திகளின் கடமை. கிராமத்தில் கடிகாரம் இல்லாத வீடுகளுக்கு நேரம் சொன்னதும், தூரதேசத்துச் செய்திகளை முதலில் கேட்டதும் அவர்கள்தாம். ஸ்டேஷன் மாஸ்டர் என்ற பதவிக்கு ஜப்பானிய சிற்றூர்களில் இருந்த கௌரவம் பள்ளித் தலைமையாசிரியருக்கு இருந்ததற்குக் குறைந்ததன்று.

யுத்தம் இந்த மலைப்பாதையையும் விட்டுவைக்கவில்லை. 1945-ஆம் ஆண்டில் அமெரிக்க விமானங்கள் தென் கியூஷுவின் ரயில் நிலையங்களைத் தாழப் பறந்து சுட்டபோது ஓசுமி-யோகோகாவாவும் தாக்கப்பட்டது. பிளாட்பாரத்து இறவாரத்தைத் தாங்கும் மரத்தூணில் இயந்திரத் துப்பாக்கிக் குண்டு துளைத்த தழும்பு இன்றும் இருக்கிறது. தூணை மாற்றாமல் அப்படியே வைத்திருக்கிறார்கள். உயரத்தில் உள்ள அந்தத் துளையைப் பிள்ளைகளுக்குக் காட்டி யுத்தத்தின் கதையைப் பெரியவர்கள் சொல்வதுண்டு. அதைவிடக் கொடியது யுத்தம் முடிந்த ஒரு வாரத்தில் நடந்தது. ஆகஸ்டு 22-ஆம் தேதி, படையிலிருந்து விடுவிக்கப்பட்டு ஊருக்குத் திரும்பும் வீரர்கள் கூரையிலும் படியிலும் தொற்றிக்கொள்ளும்படி நிரம்பிய வண்டி, யோஷிமட்சுவிலிருந்து மசாக்கி என்னும் மலை ஸ்டேஷனுக்கு ஏறும் வழியில், பாரம் தாங்காமல் ஒரு சுரங்கத்துக்குள் நின்றுவிட்டது. புகையில் மூச்சுத் திணறிய வீரர்கள் இறங்கி, இருட்டில் வாயிலை நோக்கி நடந்துகொண்டிருந்தபோது, வண்டி பின்னோக்கி உருண்டது. சுமார் ஐம்பது பேர் மாண்டார்கள். போர்க்களத்தில் பிழைத்து, வீட்டுக்குச் சில மணி நேரப் பயணமே இருக்கையில், பகைவர் எவருமில்லாத மலையிருட்டில் அவர்கள் இறந்ததைப் படிக்கும்போது நெஞ்சு கலங்குகிறது. சுரங்கத்தின் அருகே அவர்களுக்கு ஒரு நினைவுக்கல் இருக்கிறது.

மசாக்கி அதற்குப் பின்னும் ஒரு துயரத்தைக் கண்டது. 1972 ஜூலையில் பெருமழையில் மலை சரிந்து ஊரைப் புதைத்தது. நால்வர் இறந்தனர், பிழைத்தவர்கள் வேறிடம் பெயர்ந்தார்கள். ஊர் போயிற்று, ஸ்டேஷன் நின்றது. சரிவில் உருண்டு வந்த சுமார் 8 டன் எடையுள்ள பாறை இன்றும் அந்தப் பிளாட்பாரத்தின் மேலேயே கிடக்கிறது.

இனி, ஆட்கள் போன கதை. 1949-இல் ஏற்பட்ட ஜப்பான் தேசிய ரயில்வே ஸ்தாபனம், அதிவேக ஷின்கான்சென் ஓடத் தொடங்கிய 1964-ஆம் ஆண்டிலேயே நஷ்டக் கணக்குக் காட்டத் தொடங்கியது என்பது சரித்திரத்தின் விசித்திரங்களுள் ஒன்று. தோள்மேல் துணிமூட்டையோடு சந்தைக்குப் போகும் கிழவியைக் கிளைப்பாதை வண்டி ஏற்றிச் சென்ற காலம் போய், வீட்டுக்கு வீடு மோட்டார் வந்தது. சரக்கு லாரிக்கு மாறியது. 1968-இல் 83 பாதைகளை மூடலாம் என்று ஒரு குழு சொல்லிற்று. 1980-இல் புனரமைப்புச் சட்டம் வந்தது. ஹிசாட்சு பாதையின் குரினோவிலிருந்து மினமாட்டாவுக்குச் சென்ற யாமனோ பாதை 1988-இல் தண்டவாளம் பெயர்ந்து மறைந்தது. அதற்கும் ஒரு வட்டப் பாதை இருந்தது. ஹிசாட்சு பாதை மூடப்படவில்லை. ஆனால் செலவைக் குறைக்கும் வாள் அதன் ஸ்டேஷன்களின் மேல் விழுந்தது. ஒரே இடத்திலிருந்து மின்சாரத்தால் பாயிண்டையும் கைகாட்டியையும் இயக்கும் முறை வந்ததும் வளையம் ஏந்தி நிற்கும் மனிதருக்கு வேலையில்லை. சரக்கும் பார்சலும் நின்றபின் தராசுக்கும் வேலையில்லை. 1980-களில் கரெய்காவா ஆளில்லா ஸ்டேஷனாயிற்று. 1987 ஏப்ரல் முதல் தேதி தேசிய ரயில்வே பிரிக்கப்பட்டபோது, அது ஜே.ஆர். கியூஷு கம்பெனியின் சொத்தாக வந்து சேர்ந்தது.

ஆளில்லா ஸ்டேஷனில் பிரயாணம் செய்யும் விதமே தனி. ஒன்றிரண்டு பெட்டிகளே உள்ள டீசல் வண்டி வரும். அதில் கார்டு இல்லை. பின்கதவால் ஏறி, அங்குள்ள பெட்டியிலிருந்து எண் அச்சிட்ட சிறு சீட்டை இழுத்துக்கொள்ள வேண்டும். டிரைவரின் தலைக்கு மேல் ஒரு பலகை. ஒவ்வொரு ஸ்டேஷனைக் கடக்கும்போதும் ஒவ்வோர் எண்ணுக்கும் எதிரே கட்டணம் ஏறிக்கொண்டே போகும். இறங்கும்போது முன்கதவருகே உள்ள பெட்டியில் சீட்டையும் காசையும் சேர்த்துப் போட்டால், டிரைவர் ஒரு கணம் பார்த்துத் தலை வணங்குவார். ஸ்டேஷன் மாஸ்டரின் உத்தியோகத்தில் மிஞ்சியது அந்தத் தலைவணக்கம் மட்டுமே. இன்று ஜப்பானிலுள்ள ஸ்டேஷன்களில் ஏறக்குறைய பாதி ஆளில்லாதவை.

கைவிடப்பட்ட கட்டிடம் மழையில் நனைந்து இடிவதற்கு அதிக காலம் வேண்டியதில்லை. மறதி எவ்வளவு நாள் காப்பாற்றுமோ அவ்வளவு நாள்தான் காப்பாற்றும். கரெய்காவாவில் அந்த எல்லை வந்தபோது ஊரார் முன்வந்தார்கள். பெருக்கினார்கள், பெஞ்சைத் துடைத்தார்கள், பிளாட்பாரத்து ஓரத்தில் பூச்செடி வைத்தார்கள். சம்பளம் கொடுத்தவர் எவருமில்லை. 2003-இல் ஸ்டேஷனுக்கு நூறு வயது நிறைந்தபோது தேசத்தின் பார்வை அதன் மேல் விழுந்தது. அடுத்த ஆண்டு மார்ச்சு மாதத்தில், ஷின்கான்சென் கியூஷுவின் தெற்குப் பகுதியில் ஓடத் தொடங்கிய அதே நாளில், அந்த வேகத்துக்கு நேர்மாறாக, கறுப்பு வண்ணம் தீட்டிய ஹயாத்தோ நோ கஸே என்ற உல்லாச விரைவு வண்டி ககோஷிமாவுக்கும் யோஷிமட்சுவுக்கும் இடையே விடப்பட்டது. அது கரெய்காவாவில் சில நிமிஷங்கள் நிற்கும். பிரயாணிகள் இறங்கிக் கட்டிடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஏறுவார்கள். 77 வருஷங்களுக்கு முன் நெடுந்தூர விரைவு வண்டிகள் விட்டுப்போன மலைப்பாதைக்கு இவ்வாறு ஓர் உல்லாச விரைவு வண்டி வந்தது. 2006-இல் கரெய்காவா, ஓசுமி-யோகோகாவா ஆகிய இரண்டு கட்டிடங்களையும் அரசாங்கம் கலாசாரச் சொத்தாகப் பதிவு செய்தது.

அந்த வண்டியோடு பிறந்த ஒரு பொருளைப் பற்றிச் சொல்லாமல் விடலாகாது. கரெய்காவாவின் பெயரையும் நூறாண்டுப் பிரயாணத்தையும் தலைப்பில் தாங்கிய ஒரு கட்டுச்சாதம் ஓய்வு நாட்களில் ஸ்டேஷனிலேயே விற்கப்பட்டது. மூங்கில் பட்டையால் செய்த பெட்டியைத் திறந்தால், காளானும் மூங்கில் குருத்தும் சேர்த்துப் பொங்கிய சோறு. பக்கத்தில் சர்க்கரைவள்ளிக் கிழங்கைக் குச்சி குச்சியாக நறுக்கி மாவில் தோய்த்துப் பொரித்த பலகாரம். அது நண்டின் கால்களைப் போல் விரிந்திருப்பதால் அப்பகுதியார் அதற்கு நண்டின் பெயரையே வைத்திருக்கிறார்கள். விலையுயர்ந்த மீனோ மாமிசமோ இல்லை. அந்த மலையில் விளைந்தவையே எல்லாம். இருந்தும் ஜே.ஆர். கியூஷுவின் கட்டுச்சாதப் போட்டியில் பெரிய நகரங்களின் பெட்டிகளை வென்று முதலிடம் பெற்றது. ஊரார் தம்முடைய வீட்டுச் சமையலையே ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்து வைத்தார்கள் என்பதுதான் அதன் சிறப்பு.

ஆயினும், ஆளில்லாமை என்பதை அழகாக மட்டும் வர்ணிப்பது அநீதி. சக்கர நாற்காலியில் வருபவருக்கு, கண் தெரியாதவருக்கு, பிளாட்பாரத்தில் உதவும் ஒரு மனிதர் இல்லாத ஸ்டேஷன் பூட்டிய ஸ்டேஷனே. 2020-ஆம் ஆண்டு கியூஷுவின் ஓயிட்டா நகரத்தில் மாற்றுத்திறனாளிகள் சிலர், ஸ்டேஷன்களிலிருந்து சிப்பந்திகளை விலக்குவதால் தம்முடைய நடமாடும் உரிமை பறிபோகிறது என்று ரயில்வே கம்பெனியின் மேல் வழக்குத் தொடுத்தார்கள். அவர்கள் கேட்டது நியாயம். பூச்செடி வைக்கும் அன்பு பெருமைக்குரியதுதான். ஆனால் நடக்க இயலாதவரை வண்டியில் ஏற்றும் கடமையை அந்த அன்பின் தலையில் சுமத்திவிட்டுக் கம்பெனியும் சர்க்காரும் விலகிக்கொள்வது தகாது.

அதே 2020-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் தேதி விடியற்காலையில் குமா ஆறு பெருக்கெடுத்தது. 1908-இல் கட்டிய இரண்டு பெரும் பாலங்களும் அடித்துச் செல்லப்பட்டன. ஹிதோயோஷி நகரம் நீரில் மூழ்கியது. யாட்சுஷிரோவிலிருந்து யோஷிமட்சு வரையில் பாதை பல இடங்களில் அற்றுப்போயிற்று. ஓக்கோபாவுக்கும் யத்தாகேக்கும் மசாக்கிக்கும் அன்றோடு வண்டி நின்றது. ஹயாத்தோவிலிருந்து யோஷிமட்சு வரையிலான தென்துண்டு அந்த வெள்ளத்துக்குத் தப்பியதால் கரெய்காவா பிழைத்தது. எனினும் வடக்கே பாதை அறுந்தபின் உல்லாசப் பிரயாணிகள் குறைந்து, 2022 மார்ச்சில் ஹயாத்தோ நோ கஸே நிறுத்தப்பட்டது. அதன் பெட்டிகள் வேறு வண்ணமும் வேறு பெயரும் பெற்று மேற்குக் கியூஷுவுக்குப் போயின.

பல வருஷப் பேச்சுக்குப் பின், தண்டவாளமும் பாலமும் உள்ளூர் ஸ்தாபனங்களின் பொறுப்பு, வண்டி ஓட்டுவது கம்பெனியின் பொறுப்பு என்ற ஏற்பாட்டின்பேரில், யாட்சுஷிரோ முதல் ஹிதோயோஷி வரையில் பாதையை மீண்டும் கட்டுவதென்று குமாமோட்டோ மாகாணத்தாரும் ஜே.ஆர். கியூஷுவும் 2025-இல் உடன்பட்டார்கள். 2033-ஆம் நிதியாண்டளவில் வண்டி ஓடவேண்டும் என்பது குறிக்கோள். ஹிதோயோஷிக்குத் தெற்கே உள்ள மலைத்துண்டு அந்த உடன்படிக்கையில் இல்லை. அங்கே வசிப்பவர் மிகச் சிலர், ஏறி இறங்குபவர் அதிலும் சிலர் என்ற கணக்கு உண்மையே. கரெய்காவா ஊரார் தம் கட்டிடத்தைக் காத்ததுபோல ஒரு கிராமத்தின் துடைப்பமும் தச்சனும் சேர்ந்து காக்கக்கூடியது ஸ்டேஷன். சுரங்கத்தையும் சரிவையும் பாலத்தையும் அவ்வாறு காக்க முடியாது, அதற்கு ராஜ்யத்தின் கை வேண்டும். ஹிதோயோஷியோடு வேலையை நிறுத்திவிட்டால் வடக்கே ஒரு முட்டுச்சந்தும் தெற்கே ஒரு முட்டுச்சந்துமாக இரண்டு துண்டுகளே மிஞ்சும். 1909-இல் அத்தனை உயிர்களைக் கொடுத்துச் சேர்த்த பாதை நடுவில் அறுந்தே கிடக்கும். மலைத்துண்டையும் கட்டியாக வேண்டும் என்பதே என் துணிபு.